பத்து ஏக்கர், முயல் தொல்லை: கட்டுப்படியாகும் விலையில் எந்த .22 துப்பாக்கி வாங்கலாம்?

பொள்ளாச்சிக்காரன் (ஆக்ஸ்ஃபோர்ட், வட கேன்டர்பரி, நியூசிலாந்து)

எல்லோருக்கும் வணக்கம். ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் பத்து ஏக்கர் வாங்கிக் குடும்பத்தோடு குடிவந்திருக்கிறோம். ஆலிவும் ஹேசல்நட்டும் கன்று வைத்தோம். போன குளிர்காலத்தில் புல் குறைந்ததும் முயல்கள் கன்றுகளின் அடிப்பட்டையைச் சுற்றிவரக் கடித்துத் தின்றுவிட்டன. அப்படிப் பட்டை போன கன்று ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. போசம் (மரமேறும் பைவிலங்கு) வேறு ராத்திரியில் வந்து பிளம் மரத்துத் துளிரையெல்லாம் மொட்டையடிக்கிறது.

லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, பாதுகாப்புப் பயிற்சியும் முடித்தாயிற்று. வீட்டுக்கு வந்து விசாரிப்பவருக்காகக் காத்திருக்கிறேன். அந்தப் பயிற்சிக்கு முன்னால் துப்பாக்கியைக் கையில் தொட்டதில்லை. ஊரில் தென்னந்தோப்பில் எலிக்குக் கிட்டி வைத்த பழக்கம்தான்.

துப்பாக்கி, ஸ்கோப் (குறிபார்க்கும் கண்ணாடி), இரும்புப் பெட்டி எல்லாம் சேர்த்து 1,200 டாலருக்குள் முடிக்கப் பார்க்கிறேன். கடையில் காட்டியவை பழைய நோரின்கோ ஜே.டபிள்யூ.-15, புது சாவேஜ் மார்க் 2, ரூகர் 10/22. பக்கத்துப் பண்ணைக்காரர் .17 எச்.எம்.ஆர். (.22-ஐவிடச் சன்னமான, வேகமான குண்டு) தான் சரி என்கிறார். கிழக்கு வேலியைத் தாண்டி ஒருவர் குதிரை வளர்க்கிறார், அவர் வீடு 200 மீட்டர் இருக்கும். தெற்கே ரோடு. நிலம் பழைய ஆற்றுப்படுகை, எங்கே தோண்டினாலும் கூழாங்கல். எதை எடுக்கலாம்?

வைக்காட்டோ தமிழன் (ஹாமில்டன்)

யோசிக்காமல் ரூகர் 10/22 எடுங்கள் நண்பா. 1964-லிருந்து வருகிற மாடல், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். பத்துத் தோட்டா மேகசின் இருந்தால் இங்கே சாதாரண லைசென்ஸே போதும். முதல் வெடி தவறினாலும் அடுத்தது உடனே தயார்.

அலெக்சாண்ட்ரா அண்ணாச்சி (மத்திய ஒட்டாகோ)

தம்பி, நான் சங்கரன்கோவில்காரன். இங்கே திராட்சைத் தோட்டத்தில் வேலை. முயலுக்கு இந்த நாட்டிலேயே பேர்போன இடம் எங்கள் அலெக்சாண்ட்ரா, ஈஸ்டர் சமயத்தில் முயல் வேட்டைக்கென்றே போட்டி வைக்கிற ஊர். கொடிக்கன்று நட்ட வருடமெல்லாம் ராத்திரிக் காவல் என் பொறுப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன்னால், சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள், வழக்கமான .22 தோட்டா) சின்னத் தோட்டாதான். ஆனால் தடை எதுவும் இல்லாவிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். உங்கள் பத்து ஏக்கர் அதற்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஒரு தாளில் நிலத்தை வரைந்து, கிழக்கையும் தெற்கையும் இப்போதே சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். அந்தப் பக்கம் முயல் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாலும் சுடக் கூடாது. மிச்சமிருக்கும் திசையில் எங்கே மேடு இருக்கிறது, எங்கே மண் இளகி இருக்கிறது என்று பகலில் நடந்து பாருங்கள். வண்டியின் பின்தட்டில் நின்று கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு பெரும்பாலும் முயலுக்குப் பின்னாலேயே தரையில் இறங்கும். சமதரையில் படுத்துக்கொண்டு சுட்டால் அந்த வசதி இல்லை. கூழாங்கல் நிலம் என்கிறீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. கல்லில் பட்டுத் தெறிக்கும் ஈயக்குண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உறைபனி பிடித்து இறுகிய தரையும் அதே மாதிரிதான்.

இதனால்தான் .17 எச்.எம்.ஆரைப் பலர் சொல்கிறார்கள், உங்கள் பக்கத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 17 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, வினாடிக்குச் சுமார் 775 மீட்டர் வேகம். பட்ட இடத்தில் நொறுங்கிவிடும், தெறிப்பது குறைவு. 100 மீட்டர் தாண்டியும் நேராகப் போகும். ஆனால் குண்டு ஒலியை முந்திப் போவதால் சைலன்சர் போட்டாலும் சாட்டை சொடுக்கியதுபோல ஒரு சத்தம் வரும். 200 மீட்டரில் குதிரை வைத்திருப்பவர் ஒரு மாதம் பொறுப்பார், அப்புறம் பொறுக்க மாட்டார். தோட்டா விலையும் ஏறக்குறைய மூன்று மடங்கு. .22 மேக்னமும் (.22-இல் பெரிய, வேகமான தோட்டா) சத்தத்தில் இதே கதைதான். பெரிய பண்ணை, தொலைவு அதிகம் என்றால் இவை வேறு கணக்கு.

உங்களுக்கு .22 எல்.ஆர்., அதிலும் சப்சோனிக் (ஒலியைவிட மெதுவான) ஹாலோபாயின்ட் (முனை குழிந்த) தோட்டா. 40 கிரெய்ன், வினாடிக்கு 320 மீட்டர் சுற்று. ஒலியைவிட மெதுவாகப் போவதால் சைலன்சர் போட்டால் விசையின் சத்தமும் குண்டு படும் சத்தமும்தான் கேட்கும். ஒரு முயல் விழுந்த பிறகும் பத்தடி தள்ளி இன்னொன்று மேய்ந்துகொண்டிருக்கும். ஹாலோபாயின்ட் உடம்புக்குள் விரிவதால் ஊடுருவி வெளியே போகிற வேகமும் குறைவு. தெறிக்கும் ஆபத்து அதனால் போய்விடாது, மேலே சொன்ன திசைக் கணக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

இனி துப்பாக்கி. என் கட்சி பழைய ஜே.டபிள்யூ.-15. செக்கோஸ்லோவாக்கியாவின் பழைய பிர்னோ .22-ஐப் பார்த்துச் சீனாவில் செய்தது. மரக்கட்டை வேலைப்பாடு சுமார்தான், விசை கொஞ்சம் கனம். ஆனால் குழல் நன்றாக இருந்தால் 50 மீட்டரில் முயல் தலைக்கு அது தாராளம். எங்கள் பக்கம் 300 டாலர் சுற்றில் கைமாறுகிறது. வாங்கும்போது போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் உருளை) கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள், துருக்குழி இருந்தால் வேண்டாம். குழல் முனையில் அடிபட்ட தழும்பு இருந்தாலும் வேண்டாம். புதிதாகத்தான் வேண்டும் என்றால் சாவேஜ் மார்க் 2 நல்ல தேர்வு, அதன் விசையை நாமே இலகுவாக்கிக்கொள்ளலாம். சி.இசட். 457 இவை எல்லாவற்றையும்விட நல்ல துப்பாக்கி. உங்கள் பணத்தில் அதை வாங்கினால் மற்றதற்கு ஒன்றும் மிஞ்சாது.

10/22 பற்றி வைக்காட்டோ தம்பி சொன்னது தப்பில்லை, அருமையான துப்பாக்கி. ஆனால் பல 10/22-களில் சப்சோனிக் போட்டால் போல்ட் முழுசாகப் பின்னால் வராமல் காலித் தோட்டா சிக்கும். அதற்காக வேகத் தோட்டா போட்டால் சத்தம் திரும்ப வந்துவிடும். அதைவிட முக்கியம், புதிதாகப் பழகுகிறவருக்கு ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டும் என்பது நல்ல பழக்கம். அந்த ஒரு வினாடியில் மறுபடி பின்னணியைப் பார்ப்பீர்கள்.

துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணத்தை ஸ்கோப்பில் போடுங்கள். 4x32 போதும், 3-9x40 இருந்தால் நல்லது. ரிம்ஃபயருக்கென்று (.22 போன்ற சின்னத் தோட்டாவுக்கு) செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். அதில் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறி நகராத தொலைவு) 50 கெஜத்துக்கு அமைத்திருப்பார்கள். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்பில் அது 100 கெஜம், கிட்டத்தில் கண் நகர்ந்தால் குறியும் நகரும். ஜே.டபிள்யூ.-15-இல் ஸ்கோப்பை மாட்டும் வளையங்கள் 11 மில்லிமீட்டர் டவ்டெயிலுக்கு (துப்பாக்கி மேலுள்ள சரிவுப் பள்ளம்) உரியவையாக இருக்க வேண்டும், வீவர் எனும் வேறு வகை வளையம் இதில் உட்காராது. அப்புறம் மூன்று நான்கு வகை சப்சோனிக்கில் ஒவ்வொரு பெட்டி வாங்கித் தாளில் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும். எது ஒரே இடத்தில் கூட்டமாகப் பதிகிறதோ அதையே 500 வாங்கி வைத்துக்கொண்டு 50 மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். அந்த அமைப்பில் 100 மீட்டரில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கிவிடும். அதனால் 60 மீட்டருக்கு மேல் சுடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முயல் நமக்குப் பகையான பிராணிதான், ஆனால் வலி அதற்கும் உண்டு. வயிற்றில் பட்ட முயல் ஓடி வளைக்குள் புகுந்துவிடும், அப்புறம் நாம் ஒன்றும் செய்ய முடியாது, உள்ளே கிடந்து மணிக்கணக்கில் சாகும். தலையில் அடிக்க முடியும் என்ற தொலைவுக்கு நெருங்குங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். போசமும் அப்படியே, மரத்தில் இருந்தால் குண்டு வானத்துக்குப் போகும் என்பதால் இன்னும் கவனம். போசத்துக்கு நான் பொறிதான் வைக்கிறேன்.

ராத்திரியில் விளக்கில் மின்னும் கண்ணை மட்டும் பார்த்துச் சுடவே கூடாது. ஆட்டுக்குட்டிக்கும் பூனைக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் கண் மின்னும். காது, முதுகு, நிற்கும் விதம் எல்லாம் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும். பயிற்சியில் சொன்ன ஏழு விதிகளில் நான்காவது இதுதான்.

கடைசியாக, துப்பாக்கியை மட்டும் நம்பினால் வேலை ஆகாது. எண்ணிக்கை அதிகமாக இருக்கும்போது சுடுவது மேல்வாரியாக எடுப்பதுதான். நாலைந்து மாதத்தில் குட்டி போடும் வயதுக்கு வந்துவிடும், ஒரு மாதத்தில் ஈற்று. மிஞ்சினவை விளக்கைக் கண்டதும் ஓடப் பழகிவிடும். முதலில் வளைகளைத் தேடிப் புகை மருந்து போட்டு மூடுங்கள், அல்லது பிண்டோன் (முயல் விஷம்) தீனி வைக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதைக் குட்டி போடும் பருவத்துக்கு முன்னால், குளிர்காலத்திலேயே முடிக்க வேண்டும். மிச்சத்தைக் கீழேயே வைத்திருக்கத்தான் .22. உங்கள் வட்டாரக் கவுன்சில் விதிப்படி முயல் அளவு மெக்லீன் அளவுகோலில் (முயல் எவ்வளவு பெருகியிருக்கிறது என்று காட்டுவது) 3-ஐத் தாண்டக் கூடாது. புழுக்கைக் குவியல்கள் சராசரியாகப் பத்து மீட்டராவது தள்ளித் தள்ளி இருந்தால் 3. அதைவிட நெருக்கமாக இருந்தால் நீங்கள் ஏற்கெனவே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். பத்து முயல் ஓர் ஆட்டின் புல்லைத் தின்னும் என்பது இங்கே எல்லாப் பண்ணையிலும் சொல்கிற கணக்கு.

யாழ்ப்பாணத்தான் (ஷெப்பர்டன், விக்டோரியா)

அண்ணாச்சி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆஸ்திரேலியாவில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன், இரண்டு நாட்டுச் சட்டமும் ஒன்றில்லை. விக்டோரியாவில் போல்ட் .22 'ஏ' வகை. தானாக ஏறுகிற 10/22 'சி' வகை. 1996-இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது, தொழில்முறைக் கமக்காரருக்கே காரணம் காட்டித்தான் கிடைக்கும். சைலன்சர் இங்கே சாதாரண லைசென்ஸ்காரருக்கு இல்லை. நாங்கள் சப்சோனிக்கோடு சமாளிக்கிறோம், அதுவே போதிய அளவு அமைதி. போசம் இங்கே பாதுகாக்கப்பட்ட பிராணி, தொடக் கூடாது. 1837 முதல் இங்கிருந்து தோலுக்காக நியூசிலாந்துக்குக் கொண்டுபோனதால்தான் அங்கே அது பீடை.

தம்பி, நான் பியர் தோட்டம் வைத்திருக்கிறேன். கன்றைக் காப்பாற்றியது துவக்கு என்று சொல்ல மாட்டேன், வலைதான். 40 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை, தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டரை வெளிப்பக்கமாக மடித்துப் புல்லோடு பதித்துவிடுங்கள். முயல் வேலி ஓரத்தில்தான் தோண்டப் பார்க்கும், கால் வலையில் மாட்டினால் விட்டுவிடும். பத்து ஏக்கருக்கும் வேண்டாம், கன்று நிற்கும் துண்டுக்கு மட்டும் போடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்

அண்ணாச்சி, யாழ்ப்பாணத்து அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. காலையில் நடந்து பார்த்தேன். வடமேற்கில் பழைய வாய்க்கால் கரை ஒன்று ஆள் உயரத்துக்கு இருக்கிறது, முக்கால்வாசி மண்தான். முயல் வளைகளும் அதைச் சுற்றித்தான். புழுக்கைக் குவியல் அங்கே நாலு மீட்டருக்கு ஒன்று. வலைக்கு விலை கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டுக்குப் பக்கத்தில் காற்றுத் துப்பாக்கி போதுமா? சைலன்சர் எல்லாம் ஒரே அளவுதானா?

அலெக்சாண்ட்ரா அண்ணாச்சி

நாலு மீட்டர் என்றால் இந்தக் குளிர்காலத்திலேயே மருந்து வையுங்கள் தம்பி, தள்ளிப் போடாதீர்கள். பிண்டோன் வைத்தால் குதிரைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் நாய் செத்த முயலைத் தின்றால் அதற்கும் ஆபத்து.

காற்றுத் துப்பாக்கி காய்கறிப் பாத்திக்கு நல்லது, 30 மீட்டருக்குள். ஸ்பிரிங் வகை என்றால் 18 வயது ஆனவருக்கு லைசென்ஸ் வேண்டாம். முன்கூட்டிக் காற்று அடைக்கும் பி.சி.பி. வகைக்கு .22 மாதிரியே லைசென்ஸ் வேண்டும், பம்ப் செலவும் சேரும். உங்கள் பணத்துக்கு இப்போது ஒன்று போதும், .22-ஐயே வாங்குங்கள்.

சைலன்சர் ஒரே அளவு இல்லை. குழல் முனை மரை அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 20 புரி, 28 புரி என்று இரண்டு வகை ஓடுகிறது. துப்பாக்கியைக் கடைக்கு எடுத்துப்போய் அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பலவந்தமாகத் திருகினால் மரை போய்விடும், சைலன்சர் சாய்ந்து நின்றால் குண்டு அதன் உள்தட்டில் உரசும்.

விசாரிக்க வருகிறவர் உங்கள் வீட்டம்மாவிடமும் தனியாகப் பேசுவார், அவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். பெட்டியைச் சுவரின் கட்டைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய பிறகே வரச் சொல்லுங்கள். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. சாவி இருக்கும் இடம் லைசென்ஸ் இல்லாத யாருக்கும் தெரியக் கூடாது, வீட்டம்மாவுக்கும்தான். இதை அவர்களிடம் முதல் நாளே பேசிவிட்டால் வருத்தம் வராது.