அட்வான்ஸில் ரிப்பேர் பிடித்தம்: காலி செய்த பிறகு எப்படி மறுப்பது?

மொட்டைமாடி:
3 வருடம் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்து சாவியும் கொடுத்தாயிற்று. அட்வான்ஸில் 40 சதவீதத்தை மட்டும் கணக்கில் போட்டுவிட்டு, மீதி ரிப்பேருக்குச் சரியாகப் போச்சு என்று ஹவுஸ் ஓனர் ஒரு வரி மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பில் கிடையாது. கேட்டதற்கு வாயால் சொன்ன பட்டியல்: வீடு முழுக்கப் பெயிண்ட், பாத்ரூமில் ஒரு டைலில் விரிசல் விட்டதற்காக மொத்தத் தரையும் மாற்றியது, கிச்சன் குழாய் புதிது, ஹாலில் கீழ்ச்சுவர் உரிந்ததற்குப் பூச்சு, கிளீனிங். டிவி மாட்ட ஹால் சுவரில் 4 துளை போட்டது உண்மை. குடிவந்தபோதே பெயிண்ட் 2 வருடப் பழசு, அன்றைய போட்டோக்கள் போனில் இருக்கின்றன. 'கணக்கு முடிந்தது' என்று கையெழுத்துக் கேட்டு ஒரு தாளும் வந்திருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வரவுசெலவு:
முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வந்த பணத்தைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். "இந்தத் தொகையைப் பகுதிப் பணமாக மட்டுமே பெற்றுக்கொள்கிறேன், மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று அன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். சும்மா இருந்தால், ஒத்துக்கொண்டதாகத்தான் பிறகு பேசுவார்கள்.

அடுத்து, இனவாரியான பில் கேளுங்கள். என்ன வேலை, எந்த அறை, எத்தனை சதுர அடி, பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு, யார் செய்தது, எந்தத் தேதி. எஸ்டிமேட் வேறு, பில் வேறு. எஸ்டிமேட்டைக் காட்டினால் வேலை நடந்ததா என்று கேளுங்கள். நீங்கள் சாவி கொடுத்த தேதிக்கு முந்தைய தேதி பில்லில் இருந்தால் அந்த ஒரு தாளே உங்களுக்குச் சாட்சி.

பெயிண்ட் விஷயம்தான் பெரிது. நிறம் மங்குவது, சோபா உரசிய தடம், காலண்டர் ஆணி ஓட்டை எல்லாம் புழக்கத் தேய்மானம். அதற்கு வாடகையிலேயே காசு கொடுத்தாகிவிட்டது. சேதம் என்றால்கூடப் புதுப் பொருளின் முழு விலையைக் கேட்க முடியாது, மிச்சமிருந்த ஆயுளுக்குத்தான் கணக்கு. உள்சுவர்ப் பெயிண்டுக்கு 5 வருட ஆயுள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நீங்கள் வந்தபோது 2 போய்விட்டது, நீங்கள் குடியிருந்தது 3. மிச்சம் பூஜ்யம். புதுப் பெயிண்டில் குடிவந்திருந்தால் 2/5 பங்கு கேட்கலாம், அதுவும் சேதமான சுவருக்கு மட்டும்.

டிவி துளைகளை மட்டும் மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பிளக்கை எடுத்து, சுவருக்குப் பூசும் பட்டியால் அடைத்து, தேய்த்து, அந்த இடத்துக்குப் பிரைமர் அடிக்கும் கூலி உங்களுடையது. நியாயமான ஒன்றை நீங்களே எழுதிக் கொடுத்தால், மற்றதை மறுக்கும்போது பேச்சுக்கு எடை வரும்.

மட்டப்பலகை:
பில் வந்ததும் அளவைச் சரிபாருங்க. 12க்கு 10 ரூம், 10 அடி உயரம்னா சுவர் 440 சதுர அடி. கதவு ஜன்னல் கழிச்சா 400. ஒரு லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் ஒரு கோட்டுக்குச் சுமார் 100லேர்ந்து 120 சதுர அடி போகும். ரெண்டு கோட்டுக்கு 7, 8 லிட்டர் போதும். ஒரு ரூமுக்கு 20 லிட்டர் எழுதியிருந்தா அது வேற எங்கயோ அடிச்ச பெயிண்ட்.

டைல்: விரிசலோட போட்டோவைப் பெரிசாக்கிப் பாருங்க. கனமான பொருள் விழுந்து உடைஞ்சா ஒரு புள்ளியில குழி இருக்கும், அதைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி கீறல் பரவும். அது உங்க செலவு: ஒரு டைல், ஒட்டுற கலவை, கூலி. ஒரே கோடு ரெண்டு மூணு டைலைத் தாண்டி நேராப் போகுதுன்னா அடியில இருக்கிற தளம் அசைஞ்சிருக்கு. இல்ல, டைலுக்கு அடியில கலவை நிரம்பாம வெத்திடம் இருந்தாலும் மிதிக்க மிதிக்க விரிசல் விடும், தட்டினா டொக்குனு சத்தம் வரும். ரெண்டும் கட்டினவர் குறை. 'அதே டிசைன் கிடைக்கலை, அதனால மொத்தமும் மாத்தினேன்'னு சொல்வாங்க. பழைய தரைக்குப் பதிலா புதுத் தரை வர்றதால லாபம் அவருக்குத்தான்.

கீழ்ச்சுவர்: தரையிலேர்ந்து மேல 3 அடி வரைக்கும் பெயிண்ட் கொப்புளிச்சு, வெள்ளையா உப்புப் பூத்து உதிர்ந்தா அது அஸ்திவாரத்திலேர்ந்து ஏறுற ஓதம், அதாவது ஈரம். குடியிருந்தவர் பொறுப்பே இல்ல. மேலயே பூசினாலும் திரும்ப உரியும், அந்தச் செலவு ஒரு தடவையோட நிக்காது. ஆனா பீரோவுக்குப் பின்னாடி, ஜன்னல் மூலையில கறுப்புப் பூஞ்சைன்னா, ஜன்னல் திறக்கலைன்னு உங்க மேல திருப்புவாங்க. எதுன்னு போட்டோவுல தெளிவாத் தெரியணும்.

குழாய் ஒழுகினா உள்ள வாஷர், இல்ல கார்ட்ரிட்ஜ் தேய்ஞ்சிருக்கும். புதுக் குழாய்க்கு உங்ககிட்ட காசு கேக்க வழியில்ல.

தாழ்ப்பாள்:
போட்டோ பற்றி ஒன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி, நேர விவரம் கோப்பிலிருந்து போய்விடும். மூலப் படங்களைப் போனிலிருந்து அழிக்காமல், கணினியிலும் ஒரு பிரதி எடுங்கள். அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீட்டை மறுபடி வாடகைக்கு விளம்பரம் செய்திருந்தால் அந்தப் படங்களையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாற்றியதாகச் சொன்ன குழாய் அதில் பழையபடியே இருந்தால் வேறு வாதமே வேண்டாம்.

கிளீனிங்குக்கு அளவுகோல் நீங்கள் குடிவந்த நாளின் நிலைமைதான். அதைவிடச் சுத்தமாகக் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

மொட்டைமாடி:
விரிசல் ஒரே டைலில்தான், நடுவில் சின்னக் குழி இருக்கிறது. அக்ரிமெண்டில் 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடிக்கப்படும்' என்று ஒரு வரி இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

வரவுசெலவு:
அப்படியானால் டைல் ஒன்று உங்கள் கணக்கு. பெயிண்டில் மேலே சொன்ன தேய்மானக் கணக்கு பலவீனமாகிறது, ஏனென்றால் தொகையை முன்பே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று உங்கள் ஊர் வாடகைச் சட்டம் சொல்கிறதா என்று பாருங்கள். செல்லும் என்றாலும் அந்த ஒரு மாதத்தோடு நின்றுவிடும். அதையும் பிடித்து, 'வீடு முழுக்கப் பெயிண்ட்' என்று தனியாகவும் பிடித்திருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை வசூல். டிவி துளைச் சுவரும் அதற்குள்ளேயே அடங்கிவிடும், தனியாகக் கொடுக்காதீர்கள்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். அக்ரிமெண்ட் தேதி, சாவி கொடுத்த தேதி, அட்வான்ஸ், வந்த தொகை. பிறகு ஒவ்வொரு இனத்துக்கும் நேரே ஏற்பு, மறுப்பு அல்லது பகுதி ஏற்பு, ஒரு வரியில் காரணம். கடைசியில் வரவேண்டிய மிச்சத் தொகை, 14 நாள் கெடு, வங்கிக் கணக்கு விவரம். 'ஏமாற்றுகிறீர்கள்' போன்ற சொல் எதுவும் வேண்டாம், இந்தக் கடிதத்தை நாளை மூன்றாம் மனிதர் படிப்பார். சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. போனில் பேசினால், பேசியதை அன்றே மெசேஜாக எழுதி அனுப்பிவிடுங்கள்.

கெடு தாண்டினால் வாடகைத் தகராறுக்கென்று உள்ள அமைப்போ, சிறு தொகை வழக்குகளை எடுக்கும் நீதிமன்றமோ எது இருக்கிறதோ அங்கே போகலாம். அட்வான்ஸை இத்தனை நாளுக்குள் பட்டியலோடு திருப்ப வேண்டும் என்று சில இடங்களில் சட்டமே நாள் குறித்திருக்கிறது. உங்கள் இடத்தில் அப்படி இருந்தால், 14க்குப் பதில் அந்த நாளையே கடிதத்தில் எழுதுங்கள்.