புதுப்பிப்பு: கரவானின் மூக்கு ஊஞ்சலாடுவது

திருகோணமலைச் சீனக்குடா விமான நிலையத்தில் இறங்கும்போது விமான சிமுலேட்டரில் செஸ்னா கரவானின் மூக்கு ஏறி இறங்குது என்று முந்தி எழுதியதன் தொடர்ச்சி. விமானத்தில் பிழையில்லை, ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்தான் காரணம். உண்மையான விமானத்தில் ட்ரிம் (மூக்கின் நிலையைக் கையால் அழுத்திப் பிடிக்காமலே தாங்க வைக்கும் சில்லு) சுற்றச் சுற்றக் கையிலுள்ள பாரம் குறையும், வீட்டில் அது தெரியாது. ஆகவே முதலில் பவர், பிறகு மூக்கின் நிலை, வேகம் நிலைத்த பிறகே ட்ரிம். ட்ரிமின் ஒவ்வொரு தட்டுக்கும் ஜாய்ஸ்டிக்கைக் கொஞ்சங் கொஞ்சமாக நடுவுக்கு விடுங்கோ. ட்ரிமாலேயே மூக்கைத் துரத்தினால் ஆட்டம் நிற்காது.

ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) 10 பாகைக்கு வேகம் 175 நொட், 20க்கு 150, 30க்கு 125 தாண்டக்கூடாது. இறக்கியதும் விமானம் மேலே மிதக்கும். முன்னே தள்ளிப் பிடித்து, பிறகு மூக்குத் தாழ ட்ரிம். கடைசி அணுகல் (ஓடுபாதையை நோக்கிய இறக்கம்) 75 முதல் 85 நொட்.

பவரை ஒரேயடியாக ஐடிலுக்கு (ஆகக் குறைந்த நிலைக்கு) இழுக்காதேங்கோ. ப்ரொப்பெல்லரே பிரேக் பிடிக்கும். திரும்பத் தள்ளினாலும் டர்பைன் எழும்பச் சற்று நேரமெடுக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் சிமுலேட்டரில் நேரடி வானிலை போட்டால், தென்மேற்கைப் பார்த்த ஓடுபாதை 24தான் சுகம்.

இறங்காமல் மேலெழும்பினால் அணுகலுக்குப் போட்ட ட்ரிம் மூக்கைத் தூக்கிவிடும்: முன்னே தள்ளு, வலது ரடர் (வால் சுக்கான்), உடனே ட்ரிம் கீழே.