ஆல்ஜினேட் பீட்ஸ் ரெண்டாவது ரவுண்டுலயே கொழகொழன்னு ஆயிடுது, உதவி பண்ணுங்க

மரவள்ளி_லேப்:
எம்எஸ்சி ப்ராஜெக்ட். ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேங்கற பூஞ்சைல இருந்து எடுத்த அமைலேஸை (ஸ்டார்ச்சை சர்க்கரையா உடைக்கற என்சைம்) திரும்பத் திரும்ப யூஸ் பண்ண, 2% சோடியம் ஆல்ஜினேட்டோட (கடல்பாசில இருந்து வர்ற, ஜெல் ஆகற பொருள்) கலந்து சிரிஞ்சுல கால்சியம் குளோரைடுக்குள்ள சொட்டு சொட்டா விட்டு பீட்ஸ் போட்டேன், ஜவ்வரிசி மாதிரி அழகா வந்துச்சு. மரவள்ளி ஸ்டார்ச் 1%, பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாம பாத்துக்கற கரைசல்) பிஎச் 6, 50 டிகிரி. முதல் தடவை டிஎன்எஸ் ரீடிங் (எவ்வளவு சர்க்கரை உருவாச்சுன்னு அளக்கற டெஸ்ட்) சூப்பர், ரெண்டாவதுல பீட்ஸ் உப்பிடுது, மூணாவதுக்கு வடிகட்ட ஒண்ணுமே மிச்சமில்ல. ஆல்ஜினேட்டை 3% ஆக்கியும் அதே கதைதான். அடுத்த வாரம் கைடுகிட்ட காட்டணும், பயமா இருக்கு.

பழைய_பயோகெம்:
பஃபரை மாத்துங்க முதல்ல. ஆல்ஜினேட் சங்கிலிகளை சேத்து பிடிச்சிருக்கறதே கால்சியம்தான், பாஸ்பேட் அதை உருவிடும், அப்புறம் ஜெல் எப்படி நிக்கும்? கரைசல் லேசா வெள்ளையா கலங்குச்சுன்னா அது கால்சியம் பாஸ்பேட். சிட்ரேட்டும் இதே வேலையைத்தான் பண்ணும். அசிடேட் பஃபர் பிஎச் 5 எடுத்து கொஞ்சம் கால்சியம் குளோரைடும் சேத்துக்கோங்க, ஆல்ஃபா அமைலேஸ் நிலையா இருக்கவே கால்சியம் வேணும், அதனால ரெண்டுக்கும் நல்லது.

நொதி_பைத்தியம்:
பஃபர் சரிதான், ஆனா பீட்ஸ் கழுவின தண்ணியை டெஸ்ட் பண்ணீங்களா? அதுல கொஞ்சம் ஸ்டார்ச் போட்டு வச்சு அப்புறம் அயோடின் விடுங்க, நீலம் வரலன்னா ஸ்டார்ச் உடைஞ்சிடுச்சு, அதாவது என்சைம் வெளிய கசியுதுன்னு அர்த்தம். இந்த அமைலேஸ் மூலக்கூறோட எடை சுமார் 50 கிலோடால்டன்தான், ஆல்ஜினேட் ஓட்டை அதுக்கு தாராளம். ஸ்டார்ச்சோ அதை விட ரொம்ப பெருசு, மணிக்குள்ள நுழையவே திணறும், அதனால வேலை பெரும்பாலும் மேல்பரப்புலதான் நடக்கும். மெல்லிசு ஊசி வச்சு சின்ன மணியா போடுங்க, ஸ்டார்ச்சை நல்லா கஞ்சியா காய்ச்சி ஆறவச்சு ஊத்துங்க. குளுட்டரால்டிஹைடு (என்சைமை இறுக்கிப் பிணைக்கற கெமிக்கல்) போட்டா கசிவு குறையும் ஆனா அதிகமானா என்சைமே செத்துடும், ஃப்யூம் ஹுட்ல (ஆவியை உறிஞ்சி வெளியேத்தற லேப் அடைப்பு) வச்சே பண்ணுங்க.

மரவள்ளி_லேப்:
அசிடேட்டுக்கு மாத்தினேன், 5 ரவுண்டு ஓடியும் மணி உடையல, ரொம்ப ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்! ஆனா கழுவின தண்ணில நீலம் வரவே இல்ல...

நொதி_பைத்தியம்:
அப்போ உங்க முதல் ரவுண்டு ரீடிங்ல ஒரு பங்கு வெளிய வந்த என்சைமோடது, அதை அப்படியே தீசிஸ்ல போட்டுடாதீங்க. இனி நல்லா கழுவிட்டு ரியாக்ஷன் ஓட்டுங்க, 10 நிமிஷத்துல மணிகளை எடுத்துட்டு மீதி கரைசலை மட்டும் அதே சூட்டுல விட்டு பாருங்க. சர்க்கரை இன்னும் ஏறிக்கிட்டே இருந்தா கசிவு நிக்கலன்னு அர்த்தம், நின்னுடுச்சுன்னா அப்புறம் வர்ற ரீடிங்கை தைரியமா காட்டலாம்.