பலோனி சாப்பிட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொலம்பஸ், ஓஹாயோவிலிருந்து:

பலோனி என்பது அரைத்த இறைச்சியில் செய்யும் தடித்த சாசேஜ். இந்த ஊர்க் கடைகளில் சாண்ட்விச்சுக்கென்று விற்கும் இறைச்சிகளில் அதைப் போல மலிவானது குறைவு. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'பொலோக்னா' என்று வரும். இத்தாலியில் அதே பெயரில் உள்ள நகரத்தைப் 'போலோன்யா' என்கிறார்கள். ஆனால் இங்கே கறிக்கடைக்காரரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒரே மாதிரி 'பலோனி' என்றுதான் சொல்கிறார்கள். அந்த நகரத்தின் மோர்டடெல்லா என்ற பன்றி இறைச்சி சாசேஜ்தான் இதற்கு மூதாதை. அதை வெட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புத் துண்டுகள் தெரியும். பலோனியில் எல்லாவற்றையும் மசிய அரைத்துவிடுவதால் வெட்டிய பக்கம் ஒரே இளஞ்சிவப்பாக இருக்கும்.

என்னோடு கிடங்கில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இதிலேயே வளர்ந்தவர். வெள்ளை ரொட்டி, மஞ்சள் கடுகு சாஸ், நடுவில் பொரித்த பலோனி. சுரங்கத்துக்குப் போன அவருடைய அப்பாவுக்கும் இதுதான் மதியச் சாப்பாடாம். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது அடுப்பருகே நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஓரத்தில் இருக்கும் சிவப்புத் தோலை உரிக்க வேண்டும். அப்புறம் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு கீறல். கீறாமல் போட்டால் சூட்டில் ஓரம் சுருங்கி, துண்டு கவிழ்த்த கிண்ணம் மாதிரி எழும்பிவிடும், நடுப்பகுதி சட்டியில் படாது. எண்ணெய் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பே போதும். ஓரம் கருகத் தொடங்கும்போது எடுத்தால்தான் ருசி என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

கொலம்பஸுக்கு வடக்கே வால்டோ என்று ஒரு சிற்றூர். 1962 முதல் நடக்கும் 'ஜி அண்ட் ஆர் டாவர்ன்' என்ற உணவகம் இந்தச் சாண்ட்விச்சுக்காகவே பேர் வாங்கியது. தடித்த துண்டு, மேலே உருகிய சீஸ், வெங்காயம், இனிப்பு ஊறுகாய் வெள்ளரி. மெல்லிய துண்டை மட்டும் தின்றுவிட்டுப் பலோனியே பிடிக்காது என்று சொல்பவர்கள் ஒருமுறை அங்கே போய்ச் சாப்பிட வேண்டும். ஏழைகளின் சாப்பாடு என்று எல்லோரும் ஒதுக்கும் ஒன்றை இவ்வளவு அக்கறையாகச் செய்து போடுகிறார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பென்சில்வேனியாவிலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கத்தில் 'லெபனான் பலோனி' என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். லெபனான் என்பது இங்குள்ள ஊர்தான், அந்த நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஜெர்மானியர் வழி வந்தவர்கள் மாட்டிறைச்சியைப் புளிக்க வைத்துப் புகை போட்டுச் செய்வது. கருஞ்சிவப்பாக, லேசான புளிப்போடு இருக்கும். பொரிக்காமலே சாப்பிடலாம். புத்தாண்டு இரவில் அந்த ஊரில் ஒரு பெரிய பலோனியை உயரத்திலிருந்து கயிறு கட்டி இறக்குவார்கள். அந்தக் குளிரிலும் கூட்டம் கூடும்.

நியூஃபவுண்ட்லேண்டிலிருந்து:

படிக்க வந்த இடத்தில் வீட்டுக்காரம்மா எனக்குப் போட்ட முதல் காலைச் சாப்பாடே இதுதான். பெரிய உருளையாக வாங்கி வைத்து, வேண்டும்போது தடிமனாக அறுத்துக்கொள்கிறார்கள். முட்டையும் பீன்ஸும் பக்கத்தில். மதியத்துக்கு என்றால் வெங்காயக் குழம்பு ஊற்றி உருளைக்கிழங்கோடு. கனடாவில் இந்தத் தீவுக்காரர்களைப் போல இதைக் கொண்டாடுபவர்கள் இல்லை. 'நியூஃபி ஸ்டேக்' என்று இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'நியூஃபி' என்பது இந்தத் தீவுக்காரர்களைக் கேலியாகக் குறிக்கும் சொல். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் சிரித்துச் சொல்லிக்கொள்வார்கள், வெளியாள் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் நான் பலோனி என்று மட்டும் சொல்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

இங்கே அதன் பெயர் 'பொலோனி'. கால் ரொட்டியைக் குடைந்து உருளைக்கிழங்கு வறுவல், பொலோனி, மாங்காய் அச்சார் எல்லாம் திணித்துத் தருவதற்குக் 'கோட்டா' என்று பேர். இங்குள்ள சொவேட்டோ பகுதித் தெருக்களில் வயிறு நிறைய வேண்டுமென்றால் அதுதான். அச்சார் இங்கே வந்தது நம் நாட்டுக்காரர்கள் வழியாக.

நான் செவிலியர், அதனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2017, 2018-இல் லிஸ்டீரியா கிருமி பரவித் தென்னாப்பிரிக்காவில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறந்த குழந்தைகள் நிறைய. ஒரு தொழிற்சாலைப் பொலோனியிலிருந்து வந்தது என்று 2018 மார்ச்சில் அறிவித்தார்கள். அந்தக் கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், நன்றாகச் சூடாக்கினால் செத்துவிடும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் தயவுசெய்து பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே சாப்பிடாதீர்கள். ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

மறுபடியும் கொலம்பஸ்:

நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. எங்கள் வீட்டில் எப்போதும் பொரித்துத்தான். இன்னொன்று, பன்றி, மாடு, கோழி, வான்கோழி என்று எதில் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள், ஒன்றோடொன்று கலந்தும் இருக்கும். விலக்கு உள்ளவர்கள் பொட்டலத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். நம் ஊர் மாதிரி வேண்டுமென்றால் பொடியாக நறுக்கி வெங்காயம், கறிவேப்பிலை, மிளகுத்தூளோடு பிரட்டிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். உப்பு மட்டும் போடவே வேண்டாம், அதிலேயே நிறைய இருக்கிறது.