சூரியனுக்கு நேரே கேமராவைத் திருப்பலாமா?

ஒளிக்கீற்று:
"லென்ஸை நேராகச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள்" என்று என் கேமரா மேனுவலில் போட்டிருக்கிறது. ஆனால் சூரியன் நட்சத்திரம்போலக் கதிர் விரிக்கும் படங்களைப் பலரும் எடுக்கத்தானே செய்கிறார்கள்? என்னிடம் இருப்பது மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா), 24 மிமீ வைட் லென்ஸ். படத்தைப் பதியும் சென்சார் போய்விடுமா?

வெயில்பிரியன்:
தைரியமாக எடுங்கள். 24 மிமீயில் சூரியனின் பிம்பம் கால் மில்லிமீட்டர்கூட வராது. எஃப்/16 வைத்தால் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளையான அப்பர்ச்சர் சுருங்கும்) ஷட்டர் திறப்பதே நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். கதிர்களும் அப்போதுதான் கூர்மையாக வரும். அப்பர்ச்சரில் 7 இதழ் இருந்தால் 14 கதிர், 8 இருந்தால் 8தான்.

முக்காலி:
அந்த ஷட்டர் கணக்கு மிரர்லெஸ்ஸுக்குச் செல்லாது. திரையில் காட்சி தெரியும் நேரமெல்லாம் சென்சார் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அதைவிட மோசம், பல கேமராக்கள் ஃப்ரேம் பார்க்கும்போது அப்பர்ச்சரை முழுதாகத் திறந்தே வைத்திருக்கும். க்ளிக் செய்யும்போதுதான் சுருக்கும். நீங்கள் எஃப்/16 என்று நினைத்துக்கொண்டிருக்க, சென்சார் எஃப்/2.8 வெளிச்சத்தை வாங்கிக்கொண்டிருக்கும். 32 மடங்கு வித்தியாசம்.

வெயில்பிரியன்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவ்வளவு சின்னப் புள்ளியில் விழும் சூடு சுற்றியுள்ள சிலிக்கானில் பரவிக் கரைந்துவிடும். ஃப்ரேம் பார்த்தோமா, எடுத்தோமா, கேமராவைத் திருப்பினோமா என்று இருந்தால் பயமில்லை.

நிழற்குடை:
அப்படியானால் தூரத்தை நெருக்கிக் காட்டும் 400 மிமீ டெலி லென்ஸிலும் எடுக்கலாமே? ஒரே எஃப் எண் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு விழும் வெளிச்சமும் ஒன்றுதானே?

முக்காலி:
வெளிச்சம் ஒன்றுதான், சூடு ஒன்றல்ல. 400 மிமீயில் பிம்பம் கிட்டத்தட்ட 3.7 மிமீ அகலம். அதன் நடுவில் சேரும் சூடு ஓரம்வரை போய்த்தான் வெளியேற வேண்டும், அதனால் நடுப்பகுதி ரொம்பவே சூடேறும். எஃப்/5.6 என்றால் லென்ஸின் திறப்பு 71 மிமீ. உச்சி வெயிலில் ஏறக்குறைய 4 வாட் உள்ளே வரும். அப்பர்ச்சர் இதழ்களே கருகலாம். சூரியனை மட்டும் பெரிதாக எடுக்க வேண்டுமானால் லென்ஸின் முன்னால் சோலார் ஃபில்டர், வேறு வழியே இல்லை.

நிழற்குடை:
என்னிடம் வெளிச்சத்தைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் இருக்கிறது. அது போதாதா?

முக்காலி:
போதாது. அது ஆயிரம் மடங்குதான் குறைக்கும்; கண்ணால் பார்ப்பதற்கான சோலார் ஃபில்டர் லட்சம் மடங்கு குறைக்கும். சாதாரண என்டி அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடலாம். டிஎஸ்எல்ஆர் கேமராவில், லென்ஸ் வழி வரும் வெளிச்சத்தையே நேராகக் காட்டும் ஆப்டிகல் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் அத்தனையும் விழித்திரையில்தான் விழும். அங்கே வலி தெரியாது, பார்வை மங்கிய பிறகுதான் தெரியவரும். கேமராவை மாற்றிக்கொள்ளலாம் ஐயா, கண்ணை எங்கே போய் வாங்குவது?

வெயில்பிரியன்:
டெலியிலும் கண் விஷயத்திலும் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பயத்தை வைட் லென்ஸ்காரர் தலையிலும் ஏற்றாதீர்கள். எதிர்வெயிலில் இலை நரம்புகள் பளிச்சென்று தெரிவதும், முடியின் ஓரம் பொன்னாக மின்னுவதும் வேறெந்த வெளிச்சத்தில் கிடைக்கும்? ஒளிக்கீற்று, லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள். தேவையில்லாத பச்சைப் புள்ளிகள் குறையும்.

ஒளிக்கீற்று:
சூரியனைக் கிளை ஓரத்தில் பாதி மறைத்து எடுக்கப் போகிறேன். ஆனால் ட்ரைபாடில் மாட்டி, இடைவெளி விட்டு விட்டுத் தொடர்ந்து படம் பிடிக்கும் டைம்லாப்ஸ் எடுத்தால்?

முக்காலி:
நண்பகலில் வேண்டவே வேண்டாம்.

வெயில்பிரியன்:
24 மிமீயில் சூரியன் ஒரே பிக்சலில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். இடைவெளியில் திரையை அணைத்து, மெக்கானிக்கல் ஷட்டர் மூடியிருக்கும்படி வைத்தால் நான் எடுப்பேன்.

முக்காலி:
மூடினால் அந்தச் சூடு ஷட்டர் திரைமேல் விழும். நான் எடுக்க மாட்டேன்.