அமர்னா மாடல்: துத்தன்காமுன் அம்மா யாருன்னு எழுதறது?

வடபழனி வாசகி:
அண்ணாநகர் ஸ்கூல் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க, பழைய எகிப்து அரசர் அக்கெனாதெனோட தலைநகர் அமர்னாவைச் செய்யறாங்க. 4 அடிக்கு 3 அடி பலகையில சூரிய வட்டுக் கடவுள் ஆதெனோட கோயில், பின்னால குடும்ப சார்ட். பின்னாடி அரசரான துத்தன்காமுனோட அம்மா, அக்கெனாதென் பட்டத்தரசி நெஃபர்தீத்தின்னு பாதி பேர், அவரோட இன்னொரு மனைவி கியான்னு பாதி பேர். எது சரி?

பெரம்பூர் பாப்பிரஸ்:
ரெண்டும் வேண்டாம் மேடம். 2010ல வந்த டிஎன்ஏ ஆய்வுப்படி அம்மா, அரசர் பள்ளத்தாக்குல கேவி 35ங்கற எண் கல்லறையில கிடைச்ச பேர் தெரியாத மம்மி; அப்பா கேவி 55 கல்லறையில கிடைச்ச உடல். ரெண்டு பேரும் அக்கெனாதெனோட அப்பா மூன்றாம் அமென்ஹோதெப்புக்கும் அம்மா தியேவுக்கும் பிறந்த அண்ணன் தங்கையோ அக்கா தம்பியோ. அப்போ அம்மா ஒரு அரசர் மகள்; ஆனா நெஃபர்தீத்திக்கும் சரி, கியாவுக்கும் சரி, 'அரசர் மகள்'ங்கற பட்டம் எந்தக் கல்வெட்டுலயும் இல்ல. அந்த கேவி 55 அக்கெனாதென்தானான்னு இன்னும் சண்டை ஓயல. எலும்பைப் பார்த்தவங்கள்ல சிலர் வயசு 20-25தான்னு சொல்றாங்க; 17 வருஷம் ஆண்டவருக்கு அது பத்தாது. அதனால சார்ட்ல இங்க, உறுதி இல்லைன்னு காட்ட, புள்ளிக்கோடு.

கெட்டிக்கோடு அக்கெனாதென்-நெஃபர்தீத்தியோட ஆறு பெண்களுக்கு: மெரிதாதென், மெகெதாதென், அங்கெசென்பாதென், இளைய நெஃபர்நெஃபரூஆதென், நெஃபர்நெஃபரூரே, செதெபென்ரே. துத்தன்காமுன் கட்டினது மூணாவது பெண்ணை. 'நெஃபர்தீத்தி அக்கெனாதென் ஆட்சியோட 12ஆம் ஆண்டுல மறைஞ்சாள்'னு எழுதிடாதீங்க, 16ஆம் ஆண்டுக் கல்வெட்டுல பட்டத்தரசியா இருக்காங்க.

மயிலை கோபுரம்:
கோயிலுக்குக் கூரை போட்டா மொத்தமும் தப்பு. உள்ள போகப் போக இருட்டறது, அதுக்கு முன்னாடி தலைமைக் கடவுளா இருந்த அமுனோட கோயில். ஆதெனுக்குத் திறந்த முற்றம், வரிசையா படையல் மேடைகள். சாமி சிலையும் கிடையாது: சுவர்ல சூரிய வட்டு, கதிர் நுனியில கைகள். உயிர்க்குறியை (அங்க்) அந்தக் கைகள் அரச குடும்பத்து மூக்குக்கு மட்டும்தான் நீட்டும்.

கோயில் கட்டின கல் ஒண்ணு சுமார் 52 x 26 x 24 செ.மீ. இருபதில் ஒரு பங்குன்னா 2.6 x 1.3 x 1.2. வளாகமே ஏறத்தாழ 800 மீட்டர் நீளம், பலகையில ஒரு மூலைதான் அடங்கும். தெர்மாகோலை பிளேடால அறுத்தா பொரிபொரியா உதிரும், சூட்டுக்கம்பி வாங்குங்க. ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சா கரைஞ்சு குழி விழும், எமல்ஷன் போதும். ஒரே ஆள் தூக்கற அளவுக் கல்லுங்கறதால கட்டினதும் வேகம், பிரிச்சதும் வேகம். அக்கெனாதென் கர்னாக் கோயில் வளாகத்துல கட்டினதை பின்னாடி வந்த அரசர் ஹோரெம்ஹெப் பிரிச்சு ஒன்பதாம் கோபுரவாசலுக்குள்ள திணிச்சார். சிற்பங்கள் பிழைச்சது அந்தப் புண்ணியத்துல!

வடபழனி வாசகி:
நன்றி சார். 'மற்ற சாமிகளை ஒழித்தார்'னு போடலாமா?

பெரம்பூர் பாப்பிரஸ்:
'அமுன் பெயரைச் செதுக்கி அழித்தார்'னு போடுங்க. அப்பா பேருல இருந்த அமுனையும் விட்டு வைக்கல. ஆனா அமர்னாவிலேயே வீடுகள்ல பெஸ், தவெரெத்ங்கற வீட்டுச் சாமிகளோட தாயத்துகள் கிடைச்சிருக்கு, 'ஒழித்தார்' நிக்காது. சார்ட்ல துத்தன்காமுனோட சின்ன வயசுப் பேர் துத்தன்காதென்னு போடுங்க. அமுன் சேர்ந்தது அரியணை ஏறின பிறகு.