இடது பக்கம் ஸ்கூட்டி தெரியவே இல்லை: ஒட்டுக் கண்ணாடி உதவுமா?

கேள்வி: தாம்பரம்வாசி

வணக்கம். ஆறு மாசம் முன்னாடி பழைய வேகன்ஆர் ஒண்ணு வாங்கினேன். போன செவ்வாய் காலையில பெருங்களத்தூர் கிட்ட ஜிஎஸ்டி ரோட்டுல இடது பக்கம் ஒதுங்க இண்டிகேட்டர் போட்டேன். உள் கண்ணாடி, இடது சைடு மிரர் ரெண்டையும் பார்த்தேன், யாரும் இல்லை. ஸ்டியரிங்கை லேசாத் திருப்பினதும் பின்கதவுல பட் பட்டுன்னு யாரோ கையால அடிக்கிற சத்தம். ஒரு ஸ்கூட்டி, ஓட்டினது ஒரு அம்மா, முன்னாடி ஒரு குழந்தை நின்னுக்கிட்டு இருக்கு. நல்லவேளை, யாரும் விழலை. அந்தக் குழந்தை போட்டிருந்த மஞ்சள் ரெயின்கோட் இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

சைடு மிரர் மேல ஒட்டுற 2 இஞ்ச் வட்டக் கண்ணாடியைக் கடையில பார்த்தேன். உண்மையிலேயே பயன் உண்டா? எந்த மூலையில ஒட்டணும்? ஏற்கெனவே சின்ன மிரர், அதுலயும் பாதியை மறைச்சுடுமோன்னு யோசனையா இருக்கு.

பதில் 1: மதுரை ஸ்விஃப்ட்

நாலு வருஷமா வெச்சிருக்கேன் சகோ, தாராளமா வாங்குங்க. ஒட்டுற இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவி, நல்லாக் காயவெச்சு ஒட்டுங்க. ஒரு நாள் முழுக்கத் தண்ணி படக்கூடாது. என்னோட முதல் ஜோடி ஒரே வாட்டர் வாஷ்ல கழண்டு போச்சு.

பதில் 2: ஈரோடு வேன்காரர்

தம்பி, நான் 19 வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறேன். நீங்க எழுதினதைப் படிச்சதும் பதில் போடாம இருக்க முடியலை.

கண்ணாடி வாங்குறதுக்கு முன்னாடி, இருக்கிற கண்ணாடியைச் சரியா வைங்க. இப்ப உங்க இடது மிரர்ல உங்க வண்டியோட கதவும் கைப்பிடியும் நல்லாத் தெரியுதா? அப்படின்னா மிரர்ல கால்வாசியை உங்க வண்டியைப் பார்க்கவே செலவு பண்றீங்க. 1995-ல ஜார்ஜ் பிளாட்சர்னு ஒரு அமெரிக்க எஞ்சினியர் இதுக்கு ஒரு வழி எழுதினார். நம்ம ஊர் வண்டிக்கு அதை இப்படிச் செய்யணும்: தலையை வலது ஜன்னல் கண்ணாடியை ஒட்டினாப்ல சாய்ச்சு, நம்ம வண்டியோட ஓரம் மட்டும் துளி தெரியுற மாதிரி வலது மிரரை வைங்க. அப்புறம் வண்டியோட நடு வரைக்கும் தலையைக் கொண்டுபோய், அதே மாதிரி இடது மிரரை வைங்க. நிமிர்ந்து உட்கார்ந்தா சொந்த வண்டியே தெரியாது. ரெண்டு நாள் கண்ணு தடுமாறும், அப்புறம் பழகிடும். சரியா வெச்சா, பின்னாடி வர்ற பைக் உள் கண்ணாடியை விட்டுப் போறதுக்குள்ள சைடு மிரர்ல வந்துடும்.

அதுக்கு மேலதான் ஒட்டுக் கண்ணாடி. நம்ம சீட் வலது பக்கம், இடது மிரர் தூரத்துல இருக்கு. கண்ணுக்கு எட்டத்துல இருக்கிற கண்ணாடி கம்மியான அகலத்தைத்தான் காட்டும். சட்டப்படி வலது பக்கமாத்தான் முந்தணும், ஆனா டூவீலர் எல்லாம் புகுந்து வர்றது இடது பக்கம். அதனால ஒண்ணே ஒண்ணு வாங்குறதா இருந்தாலும் இடது பக்கம் ஒட்டுங்க.

எந்த மூலைன்னா, வெளிப்பக்கத்து மேல் மூலை. அங்க எப்படியும் வானமும் மரமும்தான் தெரியும். கீழ் மூலையில ரோடு தெரியணும், பார்க்கிங்குக்கு அது வேணும். எடுத்ததும் டேப்பை உரிச்சுடாதீங்க. செல்லோடேப் போட்டுத் தற்காலிகமா நிறுத்தி, வீட்டுல ஒருத்தரைப் பின்கதவு பக்கம் நிக்கச் சொல்லிப் பார்த்துட்டு ஒட்டுங்க. கோணத்தைத் திருப்பி வைக்கிற மாடல்னா இன்னும் நல்லது.

ஒரு விஷயத்துல ரொம்பக் கவனம் வேணும். அது நல்லா வளைஞ்ச குவி கண்ணாடி. கதவை ஒட்டி வர்ற புல்லட்டு கூட அதுல ஈ அளவுதான் தெரியும், ரொம்பத் தூரத்துல வர்ற மாதிரி தோணும். ஆள் இருக்காங்களா இல்லையான்னு மட்டும் அதுல பாருங்க, எவ்வளவு தூரம்னு அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஏதோ அசையுதுன்னாலே வண்டியைத் திருப்பக்கூடாது. எதுவும் இல்லைன்னாலும் தோளுக்கு மேல ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுத் திருப்புங்க. மழையில ஒரு சொட்டு விழுந்தாலே சின்னக் கண்ணாடி முழுக்க மறைஞ்சுடும். நான் சீட்டுக்கு அடியில ஒரு பழைய பனியன் துணி வெச்சிருக்கேன், ஒவ்வொரு ட்ரிப்புக்கும் துடைச்சிட்டுத்தான் எடுப்பேன்.

என் கதையையும் சொல்றேன். எல்கேஜி பிள்ளை உயரம் சுமாரா மூணடி. ஒரு நாள் விளக்குமாத்தை மூணடிக்கு அளந்து, நுனியில சிவப்புத் துணி கட்டி, வேனைச் சுத்தி ஒவ்வொரு இடமா என் வீட்டம்மாவைப் பிடிக்கச் சொன்னேன். இடது முன்சக்கரத்துக்கு முன்னாடி பிடிச்சப்ப சிவப்புத் துணி எனக்குத் தெரியவே இல்லை. மிரர்லயும் இல்லை, முன் கண்ணாடி வழியாவும் இல்லை. தினமும் பிள்ளைங்க இறங்கி, பம்பரைச் சுத்தி ஓடுற இடம் அதுதான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மறுநாளே இடது முன் மூலையில நீளக் கம்பி வெச்ச உருண்டைக் கண்ணாடி ஒண்ணைக் கீழே பார்த்த மாதிரி மாட்டினேன்.

பள்ளி வாகனத்துக்கான 2012 சிறப்பு விதிகளை 2022-ல திருத்தி, முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை சென்சாரும் கட்டாயம்னு நம்ம அரசு கொண்டுவந்தது. ரெண்டும் என் வேன்ல இருக்கு. இருந்தும் உதவியாளர் இறங்கிப் பின்னாடி நின்னு "வரலாம்"னு சொல்லாம ரிவர்ஸ் எடுக்க மாட்டேன்.

தாம்பரம்வாசி

அண்ணா, ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை நீங்க சொன்ன மாதிரியே மிரரை வெச்சுப் பார்த்தேன். அதுவரைக்கும் என் இடது மிரர்ல கதவுதான் பாதி இருந்திருக்கு. தம்பி ஸ்கூட்டரை மெதுவாத் தள்ளிக்கிட்டு வந்தான். உள் கண்ணாடியை விட்டு மறையுறப்பவே சைடு மிரர்ல ஹேண்டில்பார் வந்துடுச்சு. பின்கதவு கைப்பிடிக்கு நேரா வந்தப்ப பெரிய மிரர்ல கொஞ்ச நேரம் காணோம், மேல் மூலையில செல்லோடேப் போட்டிருந்த வட்டத்துல மட்டும் இருந்தான். அன்னிக்கு அந்த அம்மா வந்த இடம் அதேதான்.

வட்டத்தை அங்கேயே ஒட்டிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வண்டியை வெளியே எடுக்கலை.

ஈரோடு வேன்காரர்

நல்லது தம்பி. இருட்டினப்புறமும் ஒரு தடவை தம்பியை ஹெட்லைட் போட்டு வரச் சொல்லிப் பாருங்க. ராத்திரி வெளிச்சம் அந்த வட்டத்துல சின்னப் புள்ளியாத்தான் தெரியும், கண்ணு அதுக்கும் பழகணும்.